தாயும் சேயும்: காவிரிப் படுகையின் ஸ்டுடியோ உருவப்படங்களும் பெயரின்மையும்

முன்னுரை

தமிழகத்தின் பழைய ஸ்டுடியோ ஒளிப்படங்கள் பட்டியலிடப்படும்போது ‘தாயும் சேயும்’ என்னும் குறிப்பு அடிக்கடி எழுதப்படுகிறது. நாற்காலியில் ஒரு பெண், மடியில் ஒரு குழந்தை, பின்னால் தூணும் தோட்டமும் தீட்டப்பட்ட திரை. அட்டையில் ஸ்டுடியோவின் முத்திரை இருந்தால் தஞ்சாவூர் என்றோ கும்பகோணம் என்றோ இடம் சேர்க்கப்படும்; காலம் தோராயமாகக் குறிக்கப்படும். அமர்ந்திருப்பவர் யார் என்பதற்கான இடம் அநேகமாக வெற்றிடமாகவே விடப்படும்.

இவ்வெற்றிடத்தைத் தகவல் குறைபாடு என்று மட்டும் கருதிக் கடந்துவிட இயலாது. ஒரு குடும்பம் காசு கொடுத்து, நாள் பார்த்து, தன் வீட்டுப் பெண் ஒருத்தியை அவள் குழந்தையுடன் அமர்த்தி எடுத்த படம் உருவப்படம் ஆகும். அது வீட்டை விட்டு வெளியேறி ஆவணத் தொகுப்பினுள் வரும்போது ‘ஒரு தமிழ்த் தாய்’ என்னும் வகைமாதிரியாக மாறுகிறது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், அதற்கு முன்னர் அப்பெண் ஒளிப்படச் சட்டகத்தினுள் எவ்வழியாக வந்து சேர்ந்தாள் என்பதையும் காவிரிப் படுகையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லிலிருந்து முகத்திற்கு

தஞ்சாவூரின் தொடக்கக்கால ஒளிப்படங்களில் மனிதர்கள் அரிதாகவே காணப்படுகின்றனர். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் பெரிய கோயிலையும் திருவையாற்றையும் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒற்றைப் படமாக்கினார். தாள் எதிர்ப்படிவங்களைக் கொண்டு அவர் பணியாற்றிய முறையில் ஒளிபதிவதற்கு நெடுநேரம் தேவைப்பட்டது. கல் அசையாது நிற்கும், கைக்குழந்தை நிற்காது. ஆகவே அக்காலத் தொழில்நுட்பத்தில் கோயில் எளிய பொருளாகவும் குழந்தை ஏறத்தாழ இயலாத பொருளாகவும் இருந்தன.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று இருப்புப்பாதை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரையிலான பாதை 1862க்குள் அமைந்துவிட்டது. 1870களின் இறுதியில் கும்பகோணம், மாயவரம் வழியாகச் சென்னையுடன் தொடர்பு ஏற்பட்டது. சென்னையில் நிக்கோலஸ், வீல்-கிளைன் முதலிய ஐரோப்பிய நிறுவனங்களின் கையில் இருந்த தொழிலுக்கு வேண்டிய தகடும் தாளும் வேதிப்பொருளும் சிற்றூர்களை எட்டுவதற்கு இப்பாதை வழி செய்தது. மற்றொன்று உலர் தகடு. ஈரத் தகட்டைப் படமெடுக்கும் இடத்திலேயே பூசி, ஈரம் காயும் முன் கழுவியாக வேண்டும். டெல்டாவின் வெயிலில் அது பெரும்பாடு. 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் முன்வைத்த ஜெலட்டின் உலர் தகடு 1880ஐ ஒட்டி ஆலைகளில் உற்பத்தியாகத் தொடங்கியதும், ஒளிபதியும் நேரம் நொடிகளாகவும் நொடியின் பகுதிகளாகவும் சுருங்கிற்று. குழந்தையைப் படமெடுப்பது அதன் பின்னரே நடைமுறைக்குரிய தொழிலாயிற்று.

தாயின் கை

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஈரத் தகட்டுக் காலத்தில் எடுக்கப்பட்ட குழந்தைப் படங்களில் விந்தையான வழக்கம் ஒன்று உண்டு. குழந்தையை அசையாமல் பிடித்திருக்கும் தாயின்மீது துணியைப் போர்த்தி, அவளை நாற்காலி போலவோ திரை போலவோ தோன்றச் செய்வர். லிண்டா ஃபிரெக்னி நாக்லர் இத்தகைய படங்களை நூற்றுக்கணக்கில் திரட்டி 2013இல் ‘மறைக்கப்பட்ட தாய்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். தாய் அங்கே கருவி; அவள் கை தேவை, முகம் தேவையில்லை.

காவிரிப் படுகையின் ஊர்களில் ஸ்டுடியோக்கள் பெருகிய காலத்தில் உலர் தகடு வந்துவிட்டது. எனவே தாயைத் துணிக்குள் மறைக்கும் வழக்கம் இங்கு வேரூன்றுவதற்கான தேவையே பெரிதாக எழவில்லை. எனினும் குழந்தையைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. அக்கை தாயுடையதாக இருந்தமையால், அவள் முகமும் சட்டகத்தினுள் வந்தது. இக்கருத்தை மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டும்: தன்னந்தனியாக ஒரு பெண் ஸ்டுடியோவிற்குச் சென்று தன் உருவத்தை எடுத்துக்கொள்வது ஒப்புக்கொள்ளப்படாத சூழலில், குழந்தையின் பொருட்டு அவள் அமர்வது எவராலும் மறுக்கப்படாத காரணமாயிற்று. திருமணப் படத்தில் அவள் கணவனின் பக்கத்தில் இருந்தாள். குடும்பப் படத்தில் வரிசையில் ஒருத்தியாக இருந்தாள். குழந்தையுடன் எடுத்த படத்தில் மட்டுமே, வேறு பெரியவர் எவருமின்றி, அவள் சட்டகத்தின் நடுவில் இருந்தாள்.

ஒளிப்படக்காரர் ஆண், அயலார். சேலை மடிப்பைச் சரிசெய்வதோ முகவாயைத் தொட்டு நிமிர்த்துவதோ அவரால் ஆகாது. ஐதராபாத்தில் ராஜா தீன் தயாள் 1892இல் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டுடியோவை அமைத்து, கென்னி லெவிக் என்னும் ஆங்கிலப் பெண்மணியைப் பொறுப்பாளராக்கினார் என்பதிலிருந்து இச்சிக்கலின் அளவை உணரலாம். அத்தகைய ஏற்பாட்டிற்கு நிஜாம் தலைநகரின் செல்வம் வேண்டும். டெல்டாவின் ஊர்களில் உடன் வந்த மாமியாரோ நாத்தனாரோதான் இடைநின்று உதவ முடியும். பல படங்களில் தாயின் தலை சற்றே விறைத்தும் பார்வை குத்திட்டும் இருப்பதை ‘பழமையின் கூச்சம்’ என்று விளக்குவோர் உண்டு. அருகில் சென்று திருத்த இயலாத ஒருவர் சில அடி தொலைவிலிருந்து சொல்லும் கட்டளைக்கு உடல் பணிந்த விதமாகவும் அதைக் கொள்ளலாம், இவ்விளக்கமே பொருத்தமுடையது.

கைகளை நோக்கினால் வேறொன்று புலப்படும். முகம் படத்திற்காக அமைக்கப்பட்டிருக்க, கை வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு கை குழந்தையின் இடுப்பை வளைத்திருக்கும். மறு கை அதன் காலை அழுத்திப் பிடித்திருக்கும். காமிராவின் பக்கத்தில் கிலுகிலுப்பையை ஆட்டுபவரை நோக்கிக் குழந்தை பாயும்போது அதைத் தடுக்கும் விசை அவ்விரல்களில் தெரியும். சில நேரங்களில் குழந்தையின் முகம் கலங்கிப் பதிந்திருக்க, தாயின் விரல்கள் மட்டும் கூர்மையாக விழுந்திருக்கும்.

குழந்தையின் இருக்கை நிலைகளுக்குத் தமிழில் பழைய இலக்கணம் ஒன்று உண்டு. பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பாட்டியல் நூல்கள் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை வகுக்கின்றன. ஐந்தாம் திங்களுக்குரிய செங்கீரை, கைகளை ஊன்றித் தலைநிமிர்த்தி அசையும் நிலை. ஒன்பதாம் திங்களுக்குரிய சப்பாணி, அமர்ந்து கைகொட்டும் நிலை. வைத்தீசுவரன்கோயில் முருகனைக் குமரகுருபரர் பாடிய முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழ் டெல்டாவின் மண்ணுக்கே உரியது. குப்புறக் கிடந்து தலைதூக்கும் குழந்தையையும் தரையில் அமர்ந்த குழந்தையையும் ஸ்டுடியோக்கள் எடுத்த முறைக்கும் இப்பருவங்களுக்கும் நேரடித் தொடர்பைக் காட்டுவது கடினம். குழந்தையின் உடல் வளர்ச்சியே இரண்டிற்கும் பொது மூலம். ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. பிள்ளைத்தமிழில் தாயின் குரல் நிறைந்திருக்கும், உருவம் இராது. ஒளிப்படத்தில் அவள் உருவம் உண்டு, குரல் இல்லை.

மஞ்சளும் மையும்

‘படம் பிடித்தல்’ என்னும் வழக்கில் உள்ள ‘பிடித்தல்’ தற்செயலானதன்று என்று தோன்றுகிறது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் தமிழகத்தில் நெடுங்காலம் நிலவியது. கைக்குழந்தையைப் பொறுத்தவரை அது இரட்டிப்பாயிற்று. அவ்வச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 200 ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. பேற்றுத் தீட்டு கழிந்து, குழந்தை ஓரளவு தேறி, தாய் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டிற்குத் திரும்புவதற்கு முன்னரோ ஆண்டு நிறைவை ஒட்டியோ படமெடுப்பது, ஆபத்தான திங்கள்களைக் கடந்துவிட்டதற்கான சான்றாகவும் விளங்கிற்று.

அச்சத்தின் தடம் படத்திலேயே உண்டு. குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு கறுத்து நிற்கும். எதிர்ப்படிவத்தில் பென்சிலால் தழும்பையும் சுருக்கத்தையும் திருத்திய கைகள் இம்மைப் பொட்டைத் தொடாமல் விட்டன. இங்கே ஆய்வாளர் எச்சரிக்கை கொள்ளவேண்டிய இடம் ஒன்றுண்டு. பழைய தகடுகள் நீல ஒளியையே நன்கு ஏற்றன; சிவப்பை ஏறத்தாழ உணரவே இல்லை, மஞ்சளைக் குறைவாகவே உணர்ந்தன. எல்லா நிறங்களையும் உணரும் தகடு 1906இல் விற்பனைக்கு வந்தாலும் அது பரவலாகப் பல ஆண்டுகள் பிடித்தன. எனவே பழைய படங்களில் தாயின் நெற்றிக் குங்குமமும் குழந்தையின் கன்னத்து மையும் ஒரே கறுப்பாக விழும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் இயல்பைவிடக் கறுத்துத் தோன்றும். அரக்குச் சேலையும் கறுப்புச் சேலையும் ஒன்றாகும். ஆகையால் இப்படங்களைக் கொண்டு ஒருவரின் நிறத்தையோ, நெற்றியில் இருப்பது குங்குமமா மையா என்பதையோ முடிவு செய்வது தவறு. மங்கலத்தின் குறியான மஞ்சளே படத்தில் முகத்தைக் கறுக்கச் செய்தது என்பது இத்தொழில்நுட்பத்தின் முரண்.

பிள்ளைப்பேற்றுக்கு முந்தைய படம் ஒன்றையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். வளைகாப்பு, சீமந்தம், பூச்சூட்டல் ஆகிய சடங்குகளையொட்டி, பூ தைத்த சடையுடன் பெண்ணை அமர்த்தி, சடை தெரியும்படி பின்னால் நிலைக்கண்ணாடி வைத்துப் படமெடுப்பது தமிழக ஸ்டுடியோக்களின் தனி மரபு. அதில் அவள் முகமும் முதுகும் ஒருசேரத் தெரியும். அலங்காரம் முழுவதும் அவளுக்கே உரியது. குழந்தை பிறந்தபின் எடுக்கும் படத்தில் அலங்காரம் குழந்தையிடம் இடம் மாறிவிடும். அரைஞாண், கொலுசு, வசம்பு வளையல், கண்மை எல்லாம் அதற்கே. முடியிறக்கும் முன் ஆண் குழந்தைக்குச் சடை பின்னிப் பூ வைத்துப் பாவாடை உடுத்திப் படமெடுக்கும் வழக்கமும் உண்டு. இவ்வழக்கை அறியாத பட்டியலாளர் ‘தாயும் மகளும்’ என்று எழுதிவிடக்கூடும்.

சட்டகத்திற்கு வெளியே

தந்தை இல்லாத படம் என்பது அக்காலக் குடும்ப ஒழுக்கத்தால் மட்டும் விளைந்ததன்று. நாகப்பட்டினம், மலாயா செல்வோரின் துறைமுகம். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் 1970களின் தொடக்கம் வரை ஓடிற்று. தோட்டக் கூலியாகவும் கணக்கராகவும் வணிகராகவும் சென்றவர்களுள் தம் குழந்தையின் முகத்தை முதன்முதலில் அஞ்சலில் வந்த அட்டையில் கண்டவர்கள் இருந்தனர். உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு நிறுத்திய பின்னரும் பிற பயணங்கள் தொடர்ந்தன. இத்தகைய படத்தில் தாய் நேரே காமிராவை நோக்கும்போது, அப்பார்வை யாருக்கு உரியது என்னும் வினா வேறு பொருள் பெறுகிறது.

பிழைக்காத குழந்தைகளுக்கும் படம் உண்டு. குழந்தையின் ஒளிப்பட முகத்தை மட்டும் நிறுத்தி, மற்றவற்றை வண்ணத்தாலும் மணியாலும் சரிகையாலும் நிரப்பி அதைக் கிருஷ்ணனாக்கிய ஒப்பனைப் படங்கள் தென்னிந்தியாவில் செய்யப்பட்டன. தீட்டப்பட்ட இந்திய ஒளிப்படங்கள் குறித்துத் தீபாலி திவான் 2012இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முதன்மையானது. தஞ்சாவூர் ஓவிய மரபின் வெண்ணெய்க் கிருஷ்ணனையும் தொட்டில் கிருஷ்ணனையும் அறிந்த வீடுகளுக்கு இம்மாற்றம் அந்நியமாக இருந்திராது. ஆயினும் தஞ்சாவூர் ஓவியத்தில் யசோதைக்கு உள்ள இடம் இவற்றில் தாய்க்கு இல்லை. குழந்தை தெய்வமாயிற்று, வெட்டியெடுத்த முகத்துடன் அதைப் பிடித்திருந்த கை படத்திலிருந்து நீங்கிற்று.

வகைமாதிரியும் உருவப்படமும்

ஸ்டுடியோவில் காசு கொடுத்து எடுத்த படங்களுக்கு இணையாக, அதே காலத்தில் வேறொரு வகைத் தாய்-சேய்ப் படமும் பெருகியது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில் மனிதர்கள் சாதிப்பெயரின்கீழ் வருகின்றனர். சொந்தப் பெயரால் அல்லர். சென்னை நிறுவனங்கள் ஐரோப்பியருக்கு விற்ற அஞ்சலட்டைகளிலும் இதுவே முறை. நாற்று நட்ட பெண்ணும் களையெடுத்த பெண்ணும் இவ்வகையிலேயே படத்தினுள் வந்தனர். நெல்லாகக் கூலி பெற்ற பண்ணையாள் குடும்பத்திற்கு ஸ்டுடியோ உருவப்படம் எட்டாப் பொருள். மிராசுதார் வீட்டுத் தாயும் அவர் நிலத்தில் உழைத்த தாயும் ஒரே ஆண்டில் காமிராவின் முன் நின்றிருக்கலாம். ஒருத்தி படத்தின் உரிமையாளர், மற்றவள் படத்தின் பொருள்.

அன்றைய கிழக்குத் தஞ்சைப் பகுதியின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்களின் பெயர்கள் நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஸ்டுடியோ ஒளிப்படத் தொகுப்புகளின் நிலை இதற்கு நேர்மாறானது: முகம் தெளிவாக இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் டெல்டாவின் தாய்மை வரலாற்றை எழுதுவது, படம் எடுத்துக்கொள்ள இயன்றவர்களின் வரலாற்றை மட்டும் எழுதுவதாக முடியும்.

2010களில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்து ஜோயி ஹெட்லி முன்னெடுத்த பணி, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன் தமிழக ஸ்டுடியோ ஒளிப்படங்களை எண்ணிமமாக்கிப் பாதுகாத்தது. கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டுக் கண்ணாடியாகவும், எதிர்ப்படிவங்கள் வெள்ளிக்காகவும் அழிந்துகொண்டிருந்த நிலையில் இப்பணியின் பெறுமதி அளவிடற்கரியது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் சட்டமிட்ட குடும்பப் படங்கள், சட்டத்தின் தேக்கு விலைக்கு விற்கப்படுவதைக் கண்டோர் இதை எளிதில் உணர்வர். எனினும் காப்பாற்றப்பட்ட படத்திற்கு ‘தாயும் சேயும்’ என்று மட்டும் பெயரிடும்போது, தர்ஸ்டனின் முறை வேறு நோக்கத்துடன் திரும்பி வந்துவிடுகிறது.

பெயர் காணாமற்போவதற்குத் தமிழ்ப் பெயரிடு முறையும் ஒரு காரணம். குழந்தையின் பெயருக்கு முன் நிற்பது தந்தையின் முதலெழுத்து. தாயின் பெயருக்கு அதில் இடமில்லை. அட்டையின் பின்புறம் குழந்தையின் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் அதைக் கொண்டு தந்தையை அணுகலாமே தவிர, மடியில் வைத்திருப்பவளை அணுக இயலாது. தாலியின் வடிவம், சேலைக் கட்டு, மூக்குத்தி பக்கம் ஆகியவற்றால் அவள் சமூகத்தை ஓரளவு கணிக்கலாம். ஆனால் அக்கணிப்பு தருவது மீண்டும் சாதிப்பெயரையே.

வழி ஒன்று உண்டு. ஸ்டுடியோக்கள் எதிர்ப்படிவத்தின் ஓரத்தில் எண்ணைக் கீறிவைத்து, அதே எண்ணில் வாடிக்கையாளரின் பெயரையும் ஊரையும் படியின் அளவையும் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். மறுபடி கேட்டு வருவோருக்காக வைத்த ஏற்பாடு அது. அதிலும் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் பணம் கட்டிய ஆணின் பெயராகவே இருக்கும்; ஆயினும் ஊரும் தெருவும் நாளும் கிடைத்தால், பிறப்புப் பதிவேட்டையும் வீட்டு மூத்த பெண்களின் நினைவையும் கொண்டு தாயின் பெயரை எட்ட வாய்ப்புண்டு. ஒரு படத்தை எடுத்துச் சென்று காட்டினால், முகம் மங்கியிருந்தாலும் அட்டிகையைக் கண்டோ ஒட்டியாணத்தைக் கண்டோ ‘இது பெரியம்மா நகை’ என்று தொடங்குவோர் டெல்டாவின் அக்ரகாரங்களிலும் வேளாளர் தெருக்களிலும் இன்னும் இருக்கின்றனர். அந்நகை பின்னர் யாருக்குப் போயிற்று, எந்த ஆண்டு விற்கப்பட்டது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஸ்டுடியோ மூடப்படும்போது தகடுகளுக்கும் காமிராவிற்கும் சேகரிப்பாளர் வருகின்றனர். பதிவேடு பழைய தாளுடன் எடைக்குப் போகிறது. களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளர் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.